ஸ்டிக்கர் உரிந்த இரண்டு டப்பாக்கள்

நான் என் கண்ணை நம்புகிறவன். காசிமேட்டில் இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் பதினோரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. கூடையைக் கொட்டியதும் எது வெள்ளை, எது டைகர், கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். தராசு பிறகு வந்து ஆமாம் சாமி போடும். அந்தத் திமிர் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப்போகிறேன். என் மகள் ஜெனி இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் தைரியமாக எழுதலாம்.

அப்போது அவளுக்குப் பத்து மாதம். வியாழக்கிழமை மதியம் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பேதி. மோர் மாதிரி, தண்ணீர் மாதிரி, நிற்காமல் போனது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் இதற்கு ஒரே மருந்துதான். 'தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துடு' என்பார்கள். குழந்தையின் வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது, அதை வெளியே எடுத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தம். கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா எடுப்பார். வண்டியில் ஜெனியையும் என் மனைவி ஸ்டெல்லாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஊதி, உறிஞ்சி, கடைசியில் உள்ளங்கையில் அரிசி நொய் போல ஒன்றைக் காட்டினார். நான் அதையும் குனிந்து உற்றுப்பார்த்துத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும், தண்ணீர் கொடுத்தால்தானே தண்ணீராகப் போகிறது, கொஞ்சம் நிறுத்திப் பார் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னதும் நான்தான். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை ஸ்டெல்லா என்னை உலுக்கி எழுப்பினாள்.

"புள்ள அழுவுது. கண்ணுல தண்ணி வரல, பாரு."

பார்த்தேன். வாய் கோணுகிறது, சத்தம் வருகிறது, கண் காய்ந்து கிடக்கிறது. கண்கள் உள்ளே போயிருந்தன. உச்சந்தலையில் பள்ளம். முந்தின நாள் இரவிலிருந்து ஒரு சொட்டுக்கூட மூத்திரம் போகவில்லை என்று அப்போதுதான் அவள் சொன்னாள். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று பார்த்தவுடன் சொல்கிறவனுக்கு வீட்டில் குழந்தை வற்றிக்கொண்டிருப்பது தெரியவில்லை.

பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். ஜெனியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகக் கீழே போனது. நல்ல உடம்பில் அது உடனே போய்விடுமாம்.

"தண்ணி ரொம்ப வத்திப்போச்சு. ஏன் இவ்ளோ லேட்டு?"

கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கால் பாதத்தில் ஊசி ஏறியது. ஜெனி கத்தக்கூட இல்லை.

"சொட்டு மருந்து எல்லாம் போட்டீங்களா? ரோட்டாவுக்குன்னு மூணு தடவை வாயில விடுவாங்க."

"ஒரு வாட்டி போட்டோம் மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "அப்பால சளி புடிச்சிகினு இருந்துச்சு. அப்டியே வுட்டுட்டோம்."

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்கு மணி நேரத்தில் உப்புத் தண்ணீர் ஏற ஏறக் குழந்தை முகம் திரும்பியது. மதியம் துணி நனைந்தது. மூத்திரம் என்று தெரிந்ததும் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். ஊசியைப் பார்த்து ஜெனி வீறிட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நாங்கள் பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

சாயங்காலம் கவிதா வந்தார். மாத்தூரிலிருந்து வருகிற பெண். கையில் ஒரு பதிவேடும் தோளில் ஒரு நீலப் பெட்டியும். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பேதியோடு சேரும் குழந்தைகளின் மலத்தை வாங்கிப் போய், அதில் ரோட்டா வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் ஓர் ஆய்வில் வேலை செய்கிறார். வகை பிரிப்பது என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது.

"ரோட்டாவுல அத்தினி ஜாதியா கீது மேடம்?"

"நிறைய இருக்குண்ணா. வைரஸ் மேல ஒரு ஓடு மாதிரி இருக்கும். அந்த ஓட்டுல ரெண்டு புரதம். ஒண்ண வச்சு ஜி நம்பர் குடுப்பாங்க, இன்னொண்ண வச்சு பி நம்பர். ஜி ஒண்ணு பி எட்டு, ஜி ரெண்டு பி நாலு, அப்படி. எந்த வருஷம், எந்த ஏரியாவுல எது சுத்துதுன்னு தெரிஞ்சாதான், நாம போடுற சொட்டு மருந்து அதுக்கு எந்த அளவுக்குக் கேக்குதுன்னு பாக்க முடியும்."

"பாத்தா தெரியுமா?"

"கண்ணால தெரியாதுண்ணா. மெஷின்ல போட்டு, மரபணு பார்த்துதான். வாரக்கணக்குல ஆகும். இதனால உங்க குழந்தை வைத்தியத்துல எதுவும் மாறாது. அதையும் சொல்லிடுறேன்."

கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் எண்ணூரிலிருந்து வந்திருந்த தேவியும் போட்டாள். அவள் மகனுக்கும் இதே பேதி, ஏறக்குறைய இதே வயது. கவிதா எங்கள் இருவருக்கும் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒவ்வொன்று கொடுத்தார். மேலே ஸ்டிக்கர், அதில் பேனாவால் எழுதிய எண்.

"காலைல போனதும் இதுல எடுத்து சிஸ்டர்கிட்ட குடுங்க. ஃப்ரிட்ஜ்ல வைப்பாங்க. நான் பத்து மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். சூடு மட்டும் படக்கூடாது."

சூடு படக்கூடாது என்பதை என்னிடம் ஒருவர் சொல்ல வேண்டுமா. எங்கள் தொழிலே அதுதானே. வார்டு ஃப்ரிட்ஜை நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து மூடுகிறார்கள், அதில் என்ன குளிர்ச்சி நிற்கும் என்று நானே முடிவு செய்தேன். அப்பாக்களைப் பகலில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் துறைமுகத்திலிருந்து வரும்போது சின்னத் தெர்மோகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தேன். கேட்டுக்காரரிடம் மருந்துக்கு என்று சொன்னேன்.

ஆறு மணிக்குப் போனதை ஸ்டெல்லா டப்பாவில் எடுத்து வைத்திருந்தாள். ஐஸில் கழுத்து வரை புதைத்தேன். தேவி எட்டிப்பார்த்தாள்.

"ண்ணா, எம் புள்ளதையும் அதுலயே வச்சிடேன். சிஸ்டரு பிஸியா கீறாங்க."

"குடுமா. மூணு நாளானாலும் கெடாது," என்றேன்.

ஒன்பதரை மணிக்கு மூடியைத் திறந்தேன். ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. மேலே இரண்டு டப்பாக்கள் மிதந்தன. இரண்டு ஸ்டிக்கர்களும் உரிந்து அடியில் கிடந்தன. எண்களை நன்றாகவே படிக்க முடிந்தது. எது எந்த டப்பாவுடையது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் பெட்டிகளுக்கு மெழுகுச் சாக்பீஸால் எழுதுவோம், அது தண்ணீரில் போகாது. காகித ஸ்டிக்கர் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்று மஞ்சள், இன்னொன்று கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சள். பச்சை ஜெனியுடையது என்று முடிவு செய்தேன். கைக்குட்டையால் துடைத்து, ஸ்டிக்கரை வைத்து, கட்டிலில் கிடந்த பிளாஸ்திரித் துண்டால் ஒட்டினேன். ஸ்டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"ஸ்டிக்கரு உரிஞ்சிகிச்சி. ஒட்றேன்."

"எது யாருதுன்னு தெரியுமா உனுக்கு?"

"தெரியாம இன்னா? பதினோரு வருசமா இன்னாத்த பிரிச்சிகினு கீறேன்?"

"அது எறா. இது பீ."

"கம்முனு இரு. அவுங்க இன்னா பாக்கவா போறாங்க."

"கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளுதான்," என்றாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாததால் மேலும் கோபம் வந்தது.

பத்து மணிக்குச் சரியாகக் கவிதா வந்தார். டப்பாக்களை வாங்கினார். பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"இது என்னண்ணா?"

"லேசா நனைஞ்சிடுச்சு மேடம்."

அவர் நீலப் பெட்டியைத் திறந்து வைத்து, பதிவேட்டைப் பிரித்தார். எண்ணை எழுதிக்கொண்டே, "இது ஜெனி. இது தேவி பையன். சரிதானே?" என்றார்.

எங்கள் கொட்டகையில் பெட்டியைச் சீல் வைப்பதற்கு முன் மேஸ்திரி இதே வார்த்தையைத்தான் கேட்பார். சரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், என் சொல்தான் பெட்டிக்குள் இருக்கும். அதனால் தெரியாததை ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. அதுதான் என் மரியாதை. ஸ்டெல்லா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம்," என்றேன். "சரியில்ல. ஐஸ்ல வச்சேன். ரெண்டும் உரிஞ்சிடுச்சு. நானா ஒட்டுனேன்."

வார்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தேவி வாயில் சேலையை வைத்துச் சிரித்தாள். கவிதா சிரிக்கவில்லை.

"நல்லவேளை சொன்னீங்க. யாருதுன்னு தெரியாம வகை பிரிச்சா பிரிக்காமலே இருக்கலாம்ணா. ஜெனி ஒரு சொட்டு மருந்து போட்டவ, தேவி பையன் மூணும் போட்டவன். மாத்தி எழுதினா கணக்கே தப்பாப் போகும்." இரண்டையும் கழிவுப் பையில் போட்டார். புது டப்பாக்கள் கொடுத்தார். "ரெண்டு நாளைக்குள்ள எடுத்தாகணும். நான் இங்கதான் இருப்பேன். போனதும் கூப்பிடுங்க. நீங்க எதுலயும் வைக்க வேணாம்."

தேவியின் மகன் பதினொரு மணிக்கே கடமையை முடித்துவிட்டான். ஜெனி முடிக்கவில்லை.

பன்னிரண்டுக்குக் கவிதா வந்து கேட்டார். "போச்சா?" இல்லை. ஒரு மணிக்கு வந்தார். இல்லை. இரண்டு மணிக்கும் இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மூன்று நாளாக நிற்காமல் போனது நின்றுவிட்டது என்றால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். பாவம், மூன்று நாள் அசதி என்று ஸ்டெல்லா விசிறிக்கொண்டிருந்தாள். வார்டில் நாற்பது குழந்தைகள். பேதி நின்ற குழந்தையை யார் வந்து பார்ப்பார்கள்? நாங்களே யாரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் பெரிய டாக்டர்கள் சுற்றி வரும்போது நல்ல செய்தி சொல்லலாம் என்று காத்திருந்தோம்.

மூன்றரைக்குக் கவிதா மறுபடி வந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

"இன்னும் போகலயா? காலைல ஆறு மணிக்குப் போனதுதான் கடைசியா?"

"நின்னுடுச்சு மேடம். நல்லாயிட்டா," என்றேன்.

அவர் குழந்தையையே பார்த்தார். "வயிறு காலைலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

அப்போதுதான் நான் பார்த்தேன். வயிறு உப்பிப் பளபளவென்று இருந்தது.

"ஒண்ணியும் துன்னல இல்ல, காத்து ரொம்பிகினு கீது," என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா ஜெனியைத் தூக்கினாள். கழுத்து நிற்கவில்லை. தலை அப்படியே பின்னால் தொங்கியது. கவிதா பதிவேட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினார். ஆய்வு வேலைக்கு வந்தவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

டாக்டர் வந்து வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நான்கு இடத்தில் மாற்றி மாற்றி வைத்தார். வெகு நேரம் கேட்டார்.

"குடல் சத்தமே இல்ல," என்றார் பக்கத்திலிருந்த சிஸ்டரிடம். விரலால் தட்டினார். தண்டோரா மாதிரி சத்தம் வந்தது. ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ஸ்டெல்லாவும் குழந்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பொட்டாசியம் என்று ஓர் உப்பு. சதை எல்லாம் அசைவதற்கு அது வேண்டும். மூன்று நாள் பேதியில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. வந்த அன்று எடுத்த ரத்தத்தில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, வற்றின உடம்பில் அது சரியாகத் தெரியாது. தண்ணீர் ஏறிய பிறகு பாதாளத்துக்குப் போயிருக்கிறது. குடலும் சதைதான், அதனால் அசையாமல் நின்றுவிட்டது. பேதி நிற்கவில்லை. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது.

"இதயமும் சதைதான்," என்றார்.

"அந்த உப்ப சீக்கிரமா ஏத்திடுங்க மேடம்."

"சீக்கிரமா ஏத்தினாலும் இதயம் நின்னுடும். சொட்டுச் சொட்டாதான் போகணும். காத்திருங்க."

நான் பயந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவேன், பாதியில் வார்த்தை மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். சின்ன வயதிலிருந்து சொல்கிற ஜெபம். தேவி மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தடவை வந்து, டீயை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதை ஆறவிட்டு அப்படியே வைத்திருந்தேன். அந்த இரவைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. கதவு மூடியிருந்தது, நான் வெளியே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை கழுத்து நிற்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது மணிக்கு, வயிற்றில் லேசாகச் சத்தம் கேட்கிறது என்றார்கள். வயிற்றில் சத்தம் கேட்பதற்கு ஒரு மனிதன் அழுவான் என்று யாராவது சொன்னால் நான் கேலி செய்திருப்பேன்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. ஸ்டெல்லா நின்றாள். தலை கலைந்து, கண் வீங்கி, கையில் அந்த டப்பா. ஸ்டிக்கர் நேராக ஒட்டியிருந்தது.

"போய்ட்டா," என்றாள்.

வாங்கக் கை நீட்டினேன்.

"நீ தொடாத."

அவளே நடந்துபோய்க் கவிதாவின் கையில் கொடுத்தாள். கவிதா எண்ணைப் படித்து, "ஜெனி. சரிதானே?" என்று கேட்டார். "சரி," என்றாள் ஸ்டெல்லா. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், டம்ளரில் அல்ல. துத்தநாக மருந்து பதினான்கு நாள். பேதி இருந்தாலும் தாய்ப்பாலையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. பேதி திடீரென்று நின்று, வயிறு உப்பி, குழந்தை துவண்டால் உடனே ஓடி வர வேண்டும். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்களைத் திருப்பிச் சொல்லவைத்தார். இதைப் படிக்கிறவர்களும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது தேவியும் வந்திருந்தாள். கவிதா பதிவேட்டைப் புரட்டிச் சொன்னார். ஜெனிக்கு வந்தது ஜி மூன்று, பி எட்டு. தேவி மகனுக்கு ஜி ஒன்று, பி எட்டு. ஒரே வார்டு, அடுத்தடுத்த கட்டில், வேறு வேறு வகை.

"அப்ப அன்னிக்கி நான் ஒட்டுனது சரியா தப்பா மேடம்?"

"அது யாருக்கும் தெரியாதுண்ணா. ரெண்டையும்தான் தூக்கிப் போட்டுட்டோமே."

வெளியே வந்து வண்டியில் ஏறினோம். ஸ்டெல்லா ஜெனியை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். எனக்கு மனம் ஆறவில்லை.

"பச்சை ஜெனிதுதான். நான் சரியாதான் ஒட்டியிருப்பேன்," என்றேன்.

ஸ்டெல்லா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரியாவே ஒட்டியிருப்பே. இன்னா இப்போ? நீ கம்முனு இருந்திருந்தா அந்த மேடம் டப்பாவ வாங்கிகினு பத்து மணிக்கே போய்ட்டிருக்கும். மூணரைக்கு யாரு வந்து புள்ள வயித்த பாத்திருப்பா?"

சாவியைத் திருகின கை அப்படியே நின்றது. ஜெனி பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். வண்டி ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்கிறாள்.